உஷார்! ‘ஸ்னோ பாயின்ட்’ என்பது பனிச்சரிவு வந்து போகும் வழி

குல்மார்க், சோனமார்க், மணாலி, சிஸ்ஸு, நாதுலா. இவற்றில் ஏதாவது ஓர் ஊருக்கு இந்தப் பனிக்காலத்தில் குடும்பத்தோடு டிக்கெட் போட்டிருக்கிறீர்களா? அப்படியானால் ஸ்வெட்டர் வாங்கக் கிளம்புவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். ‘பனி கியாரண்டி’ என்று சொல்லித்தான் உங்களிடம் அந்த பேக்கேஜை விற்றிருப்பார்கள். தலைக்கு மேலே மலைச்சரிவில் கிடக்கும் பனி அங்கேயே கிடக்கும் என்பதற்கு எந்த டிராவல்ஸும் கியாரண்டி கொடுப்பதில்லை.

2023 ஏப்ரல் 4, செவ்வாய்க்கிழமை. சிக்கிமில் காங்டாக்கிலிருந்து நாதுலா கணவாய்க்கு ஏறும் ஜவாஹர்லால் நேரு சாலை. நண்பகலை ஒட்டிய நேரம். சாலையோரம் வண்டிகள் நின்றிருந்தன. பயணிகள் பனியில் இறங்கியிருந்தார்கள். மேலேயிருந்த சரிவு அப்படியே பெயர்ந்து இறங்கியது. ஏழு பேர் இறந்துபோனார்கள். இருபதுக்கும் மேற்பட்டவர்களை ராணுவத்தினரும் எல்லைச் சாலைகள் அமைப்பினரும் போலீசாரும் சேர்ந்து மீட்டார்கள். அன்றைக்குப் பயணிகளுக்குக் கொடுக்கப்பட்டிருந்த அனுமதி 13-வது மைல் வரைதான். பனி சரிந்தது 15-வது மைலில். இன்னும் கொஞ்சம் மேலே போனால் இன்னும் நல்ல பனி கிடைக்கும் என்ற ஆசைக்கு அந்த இரண்டு மைல்தான் விலை.

தேதியையும் பாருங்கள். ஏப்ரல் மாதம். இங்கே கத்திரி வெயில் தொடங்கப் போகும் நேரம். முழு ஆண்டுத் தேர்வு முடித்துப் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு நாம் வடக்கே கிளம்பும் நேரம். பனிச்சரிவு என்றால் ஜனவரி சமாச்சாரம், கயிறும் கோடாரியுமாகச் சிகரம் ஏறுபவர்களின் தலைவலி என்று நினைத்திருந்தால் அந்த நினைப்பை இப்போதே கைவிட்டுவிடுங்கள். நாதுலா சாலையில் புதைந்தவர்கள் வாடகை வண்டியில் வந்திறங்கியவர்கள்.

சாலையோரம் எல்லா இடத்திலும் பனி ஒரே அளவில் கிடப்பதில்லை. டிரைவர் ஓரிடத்தில் வண்டியை நிறுத்தி, ‘இதுதான் ஸ்னோ பாயின்ட், இறங்குங்கள்’ என்பார். சுற்றுவட்டாரம் எல்லாம் மண்ணும் பாறையுமாகத் தெரிய, அங்கே மட்டும் ஆளுயரத்துக்குப் பனி குவிந்திருக்கும். ஏன் அங்கே மட்டும் என்று யாரும் கேட்பதில்லை. நிமிர்ந்து பார்த்தால் பதில் தெரியும். மேலே மலையிடுக்கிலிருந்து ஒரு ஓடை, வடக்கே ‘நாலா’ என்பார்கள், நேராகச் சாலைக்கு இறங்கியிருக்கும். குளிர்காலம் முழுக்க மேல்சரிவுகளிலிருந்து பெயர்ந்த பனி அந்த நாலா வழியாக வந்து கொட்டி, இறுகி, வெயில் காலம் வரை கரையாமல் கிடக்கிறது. குறிப்பாக மார்ச் தாண்டிய பிறகு, தாழ்வான ஓடை வாய்களில் நாம் சறுக்கி விளையாடும் அழுக்கேறிய கட்டிப் பனி பெரும்பாலும் பழைய பனிச்சரிவின் குவியல்தான். எங்கே வந்து விழுமோ அங்கே போய் நின்றுகொண்டு, எவ்வளவு பனி பார் என்று வீட்டுக்கு வீடியோ கால் போடுகிறோம்.

அந்த வழித்தடத்தை அடையாளம் காண்பது பெரிய வித்தையில்லை. இருபுறமும் தேவதாருவோ பூர்ஜ மரமோ அடர்ந்திருக்க, நடுவில் மட்டும் மேலிருந்து கீழ்வரை மரமே இல்லாமல் ஒரு பட்டை தெரிந்தால், பனி அங்கே வழக்கமாக வருகிறது என்று அர்த்தம். ஓரத்து மரங்களில் மலைப்பக்கக் கிளைகள் மட்டும் முறிந்திருக்கும். இளமரங்கள் பள்ளத்தாக்கை நோக்கி வளைந்து படுத்திருக்கும். பனிக்குவியலுக்குள் மரத்துண்டும் மண்ணும் கல்லும் கலந்து கிடக்கும். வானத்திலிருந்து பெய்த பனியில் மரக்கட்டை ஏது?

இந்த ஆபத்து நம் வீட்டு வாசல்வரை வந்தது அண்மையில்தான். 2020 அக்டோபரில் ரோதாங் கணவாய்க்கு அடியில் 9.02 கிலோமீட்டர் நீள அடல் சுரங்கப்பாதை திறக்கப்பட்டது. அதுவரை லாஹௌல் பள்ளத்தாக்கு வருடத்தில் ஏறத்தாழ ஆறு மாதம் வெளியுலகத் தொடர்பு அறுந்து கிடக்கும். இன்று மணாலியில் காலை டிபன் சாப்பிட்டுவிட்டு, ஜனவரியிலும் சுரங்கத்தின் மறுவாயில் வெளியே வந்து சிஸ்ஸுவில் இறங்கலாம். 2025 ஜனவரி 13-ல் காஷ்மீரில் ஸெட்-மோர் சுரங்கம் திறக்கப்பட்டது, ஆறரை கிலோமீட்டர். பனிச்சரிவுக்குப் பேர்போன சாலைப்பகுதியைத் தவிர்க்கத்தான் அதைக் குடைந்தார்கள். முன்பெல்லாம் குளிர்காலத்தில் காலியாகிவிடும் சோனமார்க், இப்போது பனிக்கால சுற்றுலா ஊர். 2023 ஜனவரியில் அதே சோனமார்க்கை அடுத்த சர்பலில் பனிச்சரிவில் தொழிலாளர்கள் இருவர் இறந்திருக்கிறார்கள். சுரங்கம் அதனுள்ளே போகும் வண்டியைக் காக்கும். வாயிலைத் தாண்டி வெளியே வந்துவிட்டால் மலை பழைய மலைதான்.

லாஹௌல்காரர்களிடம் தலைமுறை தலைமுறையாக ஒரு கணக்கு இருக்கிறது. எந்த நாலா எப்போது இறங்கும், பனி கொட்டித் தீர்த்தபின் எத்தனை நாள் வீட்டை விட்டு நகரக் கூடாது என்பதெல்லாம் அவர்களுக்கு அத்துப்படி. அப்படிப்பட்டவர்களையே 1979 மார்ச்சில் அடுத்தடுத்து வந்த பனிச்சரிவுகள் இருநூறு பேருக்கு மேல் பலிகொண்டன. 2005 பிப்ரவரியில் காஷ்மீரின் குல்காம் பக்கம் வால்டெங்கு நார் என்ற மலைக்கிராமம் ஒரே சரிவில் புதைந்து, நூற்றைம்பது பேருக்கு மேல் மாண்டார்கள். பிறந்ததிலிருந்து பனியோடு வாழ்பவர்கள் கதியே இதுவென்றால், காலையில் மீனம்பாக்கத்தில் விமானம் ஏறி மாலையில் குல்மார்க்கில் இறங்கும் நம்மிடம் என்ன கணக்கு இருக்கிறது?

சரி, மலைமேல் நடப்பது என்ன? இமயமலையில் முதல் பனி நவம்பர் வாக்கில் லேசாக விழும். அதன்பிறகு பல நாள் வானம் துடைத்துவிட்டாற்போல இருக்கும், இரவில் கடுங்குளிர். மெல்லிய பனிப்படலத்தின் அடிப்பக்கம் தரையின் வெப்பத்தில் ஓரளவு கதகதப்பாகவும், மேற்பக்கம் உறைநிலைக்கு வெகு கீழேயும் இருப்பதால், உள்ளேயே நீராவி மேலேறிப் பனித்துகள்களின் வடிவத்தை மாற்றிவிடுகிறது. ஒன்றோடொன்று ஒட்டாத, முனைமுனையான உதிரிப் படிகங்களாக அவை ஆகிவிடுகின்றன. ஜனவரி, பிப்ரவரியில் மத்தியதரைக்கடல் பக்கமிருந்து வரும் ‘மேற்கத்திய இடையூறு’ என்ற வானிலை அமைப்பு இரண்டு மூன்று நாளில் மீட்டர் கணக்கில் புதுப்பனியைக் கொண்டுவந்து அதன் மேல் கொட்டுகிறது. சாப்பாட்டு மேசையில் சர்க்கரையைப் பரப்பி, அதன் மேல் ஒரு கடப்பாக்கல்லை வைத்து, மேசையை மெல்லச் சாய்த்துப் பாருங்கள். அவ்வளவுதான் சங்கதி. மேலே கெட்டியான பலகை, அடியில் உருளும் மணிகள். பலகையின் ஒரு மூலையில் விரிசல் விட்டால் கண்ணிமைக்கும் நேரத்தில் அது சரிவு முழுக்க ஓடி, மைதானம் அளவுக்குப் பனி ஒரே துண்டாகப் பெயரும். சில நொடிகளில் மணிக்கு 100 கிலோமீட்டரைத் தாண்டும் வேகம்.

எனவே தொடக்கத்தில் பனி இல்லாமல் வறண்டு கிடந்து, பிறகு ஒரேயடியாகக் கொட்டும் வருடம் என்றால் இரட்டை உஷார் வேண்டும். 2024 ஜனவரியில் குல்மார்க் பனியே இல்லாமல் பழுப்புப் புல்லாகக் கிடந்த படங்களை எல்லாரும் பார்த்தோம். ஹோட்டல் முன்பதிவுகள் ரத்தாகின. பிப்ரவரியில் கொட்டியது, ஊரே கொண்டாடியது. பிப்ரவரி 22-ல் குல்மார்க்கை ஒட்டிய கிலன்மார்க் பக்கம் பனி சரிந்து, பனிச்சறுக்குக்கு வந்த ரஷ்யர் ஒருவர் இறந்தார். கூட வந்தவர்கள் மீட்கப்பட்டார்கள். அதற்கு முந்தைய ஆண்டு பிப்ரவரி 1-ல் அதே குல்மார்க்கின் அபர்வத் மலையில் ஹபத்குட் சரிவில் போலந்துக்காரர்கள் இருவர் போனார்கள். தவம் கிடந்து வந்த பனியை ருசி பார்க்க முதல் ஆளாக ஓடுவதுதான் இருப்பதிலேயே மோசமான யோசனை.

சரியும் சரிவுக்கு ஒரு கோணம் உண்டு. பெரும்பாலான பனிப்பலகைகள் பெயர்வது 30 டிகிரிக்கும் 45 டிகிரிக்கும் இடைப்பட்ட சரிவில். அதைவிடச் செங்குத்தென்றால் பனி தங்காமல் சிறுசிறிதாக உதிர்ந்துகொண்டே இருக்கும். அதைவிடச் சாய்வு குறைந்தால் சட்டென்று பெயராது. வேடிக்கை என்னவென்றால், பனிச்சறுக்குக்காரர்களுக்கு ஆசை காட்டுவதும், கீழிருந்து பார்ப்பவருக்கு அழகாகத் தெரிவதும் அதே 35, 40 டிகிரிச் சரிவுதான். உங்கள் மொபைலிலேயே சாய்வு அளக்கும் வசதி இருக்கிறது. சாலையில் நின்றபடி போனின் விளிம்பை எதிர்மலைச் சரிவோடு ஒட்டினாற்போலப் பிடித்துப் பாருங்கள். முப்பதைத் தாண்டினால் அதன் கீழே போகும் எண்ணத்தை விடுங்கள்.

இங்கேதான் நம்மில் பலர் ஏமாறுகிறோம். ‘நாம்தான் சரிவில் ஏறவே இல்லையே, சமதரையில்தானே நிற்கிறோம்’ என்கிறோம். பனி புறப்படுவதற்குத்தான் முப்பது டிகிரி வேண்டும். புறப்பட்டபிறகு சமதரையிலும் நெடுந்தூரம் ஓடும். பள்ளத்தாக்கின் அடிவாரத்தைக் கடந்து எதிர்க்கரையில் ஏறிய சரிவுகளும் உண்டு. நின்ற இடத்திலிருந்து பனி நிறைந்த முகட்டை அண்ணாந்து பாருங்கள். அந்தப் பார்வைக் கோணம் 25 டிகிரிக்கு மேலிருந்தால், நீங்கள் அதன் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறீர்கள் என்றே வைத்துக்கொள்ளுங்கள். பெரிய சரிவுகள் அதைவிடக் குறைந்த கோணத்திலும் வந்து சேர்ந்திருக்கின்றன. கீழே சமதரையில் நின்று பந்தெறிந்து விளையாடும் குழந்தைக்கு முகடு தெரிவதே இல்லை. பெரியவர்கள்தான் பார்க்க வேண்டும்.

அடுத்தது காற்று. வானத்திலிருந்து ஒரு பொட்டுப் பனி விழாத நாளிலும், முகட்டின் ஒரு பக்கத்துப் பனியை வாரி மறுபக்கம் குவித்துக்கொண்டே இருக்கும் வேலையைக் காற்று செய்கிறது. பனிப்பொழிவை விடப் பல மடங்கு வேகமாக ஒரு சரிவின் பாரத்தை அது ஏற்றிவிடும். மலைமுகட்டில் வெண்புகை பறப்பதுபோல நீளமாகத் தெரிந்தால் இதுதான் நடந்துகொண்டிருக்கிறது. பார்க்க ரொம்ப அழகு. போஸ்டர் படம் மாதிரி இருக்கும். அந்தப் புகை போய் இறங்கும் பக்கத்தில்தான் நீங்கள் நிற்கிறீர்களா என்று பாருங்கள். முகட்டில் கூரை இறவாணம்போலப் பனி வெளியே துருத்திக்கொண்டிருந்தால் அதன் கீழும் நிற்கக் கூடாது, மேலும் நடக்கக் கூடாது.

எல்லாவற்றையும் விட ஏமாற்றும் நாள் எது தெரியுமா? மூன்று நாள் விடாமல் பனி கொட்டி, ஹோட்டல் அறைக்குள்ளேயே அடைந்து கிடந்து, நான்காம் நாள் காலை திரையை விலக்கினால் நீல வானமும் பொன் வெயிலும். ‘இன்னைக்குத்தான் சூப்பர் வெதர்’ என்று ஊரே வெளியே ஓடும். புதுப்பாரம் ஏறி இன்னும் இறுகாமல் இருக்கும் சரிவின் மேல் வெயில் விழத் தொடங்கும் நேரம் அது. ஒரே நாளில் 30 சென்டிமீட்டருக்கு மேல் பனி விழுந்து, கூடவே காற்றும் அடித்திருந்தால், குறைந்தது அடுத்த இரண்டு நாளுக்கு மேலே போகும் பேச்சே கூடாது. பனிமேல் மழை பெய்தாலும், திடீரென்று குளிர் விட்டு வெக்கை வந்தாலும் அப்படித்தான். மார்ச், ஏப்ரலில் கதை வேறு: பகல் வெயிலில் பனி ஈரமாகி நீர் அடுக்குகளுக்குள் இறங்குகிறது, மதியத்துக்கு மேல் கனத்த ஈரப்பனி வரத் தொடங்கும். அந்த மாதங்களில் பனிச்சாலையில் போவதானால் விடிந்ததும் போய், வெயில் உறைப்பதற்குள் திரும்பிவிடுவதே உத்தமம்.

மலை சில நேரம் வாய்விட்டுச் சொல்லும். நடக்கும்போது காலுக்கடியில் ‘ஹும்ப்’ என்று பனி மொத்தமாக அமுங்கும் ஒலி கேட்டால், அடியில் ஓர் அடுக்கு நொறுங்கிவிட்டது. காலிலிருந்து கோடு கிழித்தாற்போல விரிசல் ஓடினாலும் அதே சேதிதான். எதிர்மலையில் அன்றோ முந்தைய நாளோ புதிதாகப் பனி சரிந்த தடம் தெரிந்தால், அதே திசை பார்த்த, அதே உயரத்துச் சரிவுகள் எல்லாம் சந்தேகத்துக்குரியவை. இதில் ஏதாவது ஒன்றைக் கண்டால் விவாதம் வேண்டாம், வந்த வழியே திரும்புங்கள்.

சினிமாவில் காட்டுவதுபோலச் சத்தம் போட்டால் பனி சரியாது. பிள்ளைகளைக் கத்தாதே என்று அதட்டிவிட்டு, நாலாவின் வாயில் பத்து பேராகச் சேர்ந்து நின்று குரூப் போட்டோ எடுப்பதில் பயனில்லை. பனிப்பலகையை உடைப்பது பாரம். பொழுதுபோக்குக்காகப் பனியில் போனவர்கள் பலியான பனிச்சரிவுகளில் பெரும்பாலானவற்றை உசுப்பிவிட்டவர், மாட்டியவரோ அவரோடு போனவரோதான் என்பது பனி ஆய்வாளர்கள் கண்ட உண்மை. ஏடிவி வண்டியை உறுமவிட்டுச் சரிவில் ஏற்றுகிறவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்கட்டும்.

‘இவ்வளவு கூட்டம் இருக்கிறதே, ஆபத்தென்றால் விடுவார்களா’ என்ற தைரியம் அதைவிட மோசம். நாதுலா சாலையிலும் கூட்டம் இருந்தது. டிரைவர் பையா சொல்கிறார், குதிரைக்காரர் சொல்கிறார் என்பதும் போதாது. அவர்கள் கெட்டவர்கள் என்று நான் சொல்லவில்லை. பனி சீசன் சம்பாத்தியத்தில்தான் அவர்களுக்கு வருடமே ஓட வேண்டும். வந்த சவாரியை வேண்டாம் என்று சொல்லும் நிலையில் அவர்கள் இல்லை. ‘போக வேண்டாம், திருப்புங்கள், பேசிய பணத்தைத் தந்துவிடுகிறேன்’ என்று நாம் சொல்லிப் பார்த்தால், பல பேர் நிம்மதியாகத் திருப்புவார்கள். அனுபவசாலிகள் கூட இருக்கிறார்கள் என்பதும் காப்பில்லை. 2022 அக்டோபர் 4-ல் உத்தரகாண்டின் திரௌபதி கா தண்டா சிகரத்தில், உத்தரகாசி நேரு மலையேற்றப் பயிற்சி நிறுவனத்தின் குழுவே மாட்டிக்கொண்டது. தேடலில் 27 உடல்கள் கிடைத்தன, இரண்டு பேர் அப்போது கிடைக்கவில்லை. இறந்தவர்களில் ஒருவர் பயிற்றுநர் சவிதா கன்ஸ்வால். அதே ஆண்டு மே மாதம் எவரெஸ்டையும் மகாலுவையும் அடுத்தடுத்து ஏறி முடித்தவர் அவர்.

எச்சரிக்கை சொல்ல ஆள் இல்லையா என்றால், இருக்கிறார்கள். சண்டிகரில் பாதுகாப்பு ஆராய்ச்சி மேம்பாட்டு நிறுவனத்தின் கீழ் இயங்கும் டிஜிஆர்இ என்ற ஆய்வகம் இமயமலைப் பகுதிகளுக்குப் பனிச்சரிவு அறிவிப்பு வெளியிடுகிறது. 1969-ல் மணாலியில் தொடங்கிய பனி, பனிச்சரிவு ஆய்வு மையத்தின் வாரிசு அது. 2025 பிப்ரவரி 27 மாலை ஐந்து மணிக்கு, உத்தரகாண்டின் சமோலி உள்ளிட்ட மாவட்டங்களில் 2,400 மீட்டருக்கு மேற்பட்ட இடங்களுக்கு அடுத்த 24 மணி நேர எச்சரிக்கையை அது கொடுத்தது. மறுநாள் விடிகாலை, பத்ரிநாத்தை அடுத்த மாணா கிராமத்தருகே எல்லைச் சாலைப் பணியாளர்களின் முகாம் மேல் பனி சரிந்தது. 54 பேர் சிக்கினார்கள். எட்டு பேர் இறந்தார்கள். உலோகக் கன்டெய்னர்களுக்குள் தங்கியிருந்ததால்தான் பலர் உயிர் தப்பினார்கள். இடையில் ஓர் இரவு முழுக்க இருந்தது.

நமக்கு இதில் ஒரு சிக்கல் உண்டு. அறிவிப்புகளில் சுற்றுலா ஊர்களின் பெயர் இருக்காது. மாவட்டப் பெயரும் உயரமும்தான் இருக்கும். ‘காந்தர்பல், 2,400 மீட்டருக்கு மேல்’ என்று செய்தியில் வந்தால், அது யாருக்கோ என்று ஸ்க்ரோல் செய்துவிட்டுப் போய்விடுவோம். காந்தர்பல் மாவட்டத்தில்தான் சோனமார்க் இருக்கிறது. குல்மார்க் பாரமுல்லா மாவட்டம், மணாலியும் சோலாங்கும் குல்லு, சிஸ்ஸு லாஹௌல்-ஸ்பிதி, ஔலி சமோலி. உயரத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். மணாலி ஊர் சுமார் 2,050 மீட்டர்தான். ஆனால் குல்மார்க் 2,650, சோனமார்க் 2,700-க்கு மேல், சிஸ்ஸு 3,000-க்கு மேல், நாதுலா வழியிலுள்ள சோம்கோ ஏரி 3,750. குல்மார்க் கோண்டோலா ரோப்காரின் இரண்டாம் கட்டம் உங்களை 3,900 மீட்டருக்கு மேலே கொண்டுபோய் விடுகிறது. 2,400 என்ற எண் வந்தாலே, மணாலி ஊர் நீங்கலாக, இவை எல்லாம் அதற்குள் வந்துவிட்டன. அளவு ‘நடுத்தரம்’ என்று போட்டிருந்தால் பரவாயில்லை என்றும் எண்ணிவிடாதீர்கள். ஐரோப்பாவில் ஐந்து படி வைத்து அறிவிக்கிறார்கள். அங்கே அதிகம் பேர் சாவது ஐந்தாம் படியில் இல்லை. அன்றைக்கு யாரும் வெளியே வருவதில்லை. மூன்றாம் படி நாளில்தான் துணிந்து போய் மாட்டிக்கொள்கிறார்கள்.

புதைந்தால் என்ன ஆகும்? 2016 பிப்ரவரி 3-ல் சியாச்சினில், 19,600 அடி உயரத்துச் சோனம் காவல்நிலை பனிச்சுவர் இடிந்து புதைந்ததை நாம் மறந்திருக்க மாட்டோம். 19-வது மெட்ராஸ் பட்டாலியன். அங்கிருந்த பத்து பேரில் நான்கு பேர் தமிழ்நாட்டுப் பிள்ளைகள். ஆறாம் நாள் லான்ஸ் நாயக் ஹனுமந்தப்பா கொப்பத் உயிரோடு எடுக்கப்பட்டார். நாடே வேண்டிக்கொண்டது; பிப்ரவரி 11-ல் டெல்லியில் அவரும் போய்விட்டார். அந்த ஆறு நாள் அதிசயம் நம் மனதில் தப்பான ஒரு கணக்கைப் பதித்துவிட்டது. புதைந்தால் ராணுவம் வந்து தோண்டி எடுத்துவிடும் என்று நினைக்கிறோம். மலையில் உண்மைக் கணக்கு நிமிடத்தில். முழுக்கப் புதைந்தவரைப் பத்து நிமிடத்துக்குள் எடுத்தால் பத்தில் ஒன்பது பேர் பிழைக்கலாம். அரை மணி நேரம் ஆனால் மூன்றில் ஒருவர் தேறினாலே அதிகம். கீழே விழுந்த புதுப்பனி ஒரு கன மீட்டர் நூறு கிலோகூட இருக்காது; சரிந்து வந்து நின்ற பனி 300 முதல் 500 கிலோ. நின்ற மறுநொடி இறுகிவிடும். விரலை அசைக்க முடியாது. எந்தப் பக்கம் மேல், எந்தப் பக்கம் கீழ் என்றே தெரியாது. வெளியே நிற்பவர் குரல் உள்ளே கேட்டாலும் கேட்கும், உள்ளேயிருந்து கத்துவது வெளியே வராது. பத்து நிமிடத்தில் ஹெலிகாப்டரோ மோப்ப நாயோ வராது. கூட நிற்பவர்கள்தான் வருவார்கள்.

கூட நிற்பவர் என்ன செய்ய வேண்டும் என்பதைக் கிளம்பும் முன்பே வீட்டில் பேசிவிடுங்கள். பனி வரும்போது, மாட்டியவரைக் கடைசியாகப் பார்த்த இடத்திலிருந்து கண்ணை எடுக்காதீர்கள். அது நின்றதும் அந்த இடத்தில் ஒரு ஜாக்கெட்டையோ பையையோ வைத்து அடையாளம் செய்துவிட்டு, அங்கிருந்து கீழ்நோக்கித் தேடுங்கள். கையுறை, தொப்பி, காலணி எது வெளியே தெரிந்தாலும் அதைச் சுற்றிக் குத்திப் பாருங்கள். கையில் கிடைத்த கம்பு, ட்ரைபாட், செல்ஃபி ஸ்டிக் எதுவானாலும் சரி. ஒருவர் 112-க்குப் பேசட்டும், மற்றவர்கள் தோண்டட்டும். எல்லாருமாக உதவி தேடி ஓடிவிட்டால் உள்ளே இருப்பவருக்கு அதுதான் முடிவு. தோண்டும்போது முதலில் முகம். வாயிலும் மூக்கிலும் அடைத்த பனியை எடுத்து, நெஞ்சின் மேலிருக்கும் பாரத்தை நீக்கிய பிறகுதான் மற்றது. மேலே இன்னும் சரியாத பனி தொங்குகிறதா என்று ஒருவர் காவலுக்கு நிற்க வேண்டும். மாட்டியது நீங்களே என்றால், நேர்கீழே ஓடாமல் பக்கவாட்டில் விலகப் பாருங்கள், வாயை மூடிக்கொள்ளுங்கள், வேகம் குறையும்போது ஒரு கையை முகத்துக்கு முன்னால் கொண்டுவந்து மூச்சுக்குக் கொஞ்சம் இடம் பண்ணுங்கள். புதைந்தவரைச் சிக்னல் கொண்டு கண்டுபிடிக்கும் டிரான்ஸீவர் கருவி, நீளக் குத்துகம்பி, மண்வாரி மூன்றையும் பனிச்சறுக்குக்காரர்கள் சுமக்கிறார்கள். குல்மார்க்கில் கயிறு கட்டிய எல்லையைத் தாண்டி ஒருவர் உங்களைக் கூட்டிப்போகக் கூப்பிட்டால், அவரிடம் இந்த மூன்றும் உங்களுக்கும் சேர்த்து இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லையென்றால் கயிற்றுக்கு இந்தப் பக்கமே நில்லுங்கள்.

சாலையில் போகும்போது நாலா வாயில் வண்டியை நிறுத்தச் சொல்லாதீர்கள். டிராபிக்கில் நின்றாலும், முன்வண்டிக்கும் உங்களுக்கும் இடைவெளி விட்டு, மரம் அடர்ந்த சரிவின் கீழோ மலைத்தோள் துருத்தியிருக்கும் இடத்திலோ நிற்கச் சொல்லுங்கள். மரமற்ற பட்டையை நடந்து கடக்க வேண்டிவந்தால் ஒவ்வொருவராக, நடுவில் நிற்காமல் கடக்க வேண்டும். சாலையில் அரசு தடுப்பு வைத்திருந்தால், அதைச் சுற்றிக்கொண்டு போக வழி தெரிந்த டிரைவர் கெட்டிக்காரர் இல்லை.

கடைசியாகப் பணக்கணக்கு. விபத்துகளுக்குப் பின்னால் இருக்கும் அவசரம் பெரும்பாலும் பேக்கேஜின் அட்டவணையில் எழுதப்பட்டிருக்கிறது. மூன்றாம் நாள் சோனமார்க், நான்காம் நாள் குல்மார்க், ஐந்தாம் நாள் விமானம். இடையில் ஒரு நாள்கூடச் சும்மா இல்லை. கோண்டோலா டிக்கெட்டுக்கு முன்பதிவு செய்தாயிற்று, பணம் திரும்ப வராது, நாளை மறுநாள் ஆபீஸ். அந்த நிலையில் எச்சரிக்கை வந்தாலும் மனசு கேட்காது. ஆகவே முன்பணம் கட்டும்போதே மூன்று விஷயத்தை எழுத்தில் வாங்குங்கள்: பனிச்சரிவு எச்சரிக்கை வந்தால் அந்த நாளின் பயணத்தை நாம் மறுக்கலாம், அதற்குப் பதில் ஸ்ரீநகரிலோ மணாலி ஊருக்குள்ளோ தங்க ஏற்பாடு உண்டு, அன்றைய அறிவிப்பைக் காலையில் நமக்குக் காட்டுவது டூர் மேனேஜரின் பொறுப்பு. அட்டவணையில் காலியாக ஒரு நாளைச் சேர்க்கச் சொல்லுங்கள். ஒரு நாள் அறை வாடகை கூடும், கூடட்டும். இதற்கெல்லாம் சிரித்து மழுப்பும் ஏஜென்ட்டிடமிருந்து முன்பணத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டு, வேறு ஆளைப் பாருங்கள்.